மிர்ஸா புறப்பட்ட காலை

திராஸ்
1976 நவம்பர் 28

மெஹ்ரூன்,

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பவர் உன் மச்சான்தான். முதலில் அவருக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடு. பிறகு படி.

கணவாய் மூடிவிட்டது. கடைசி லாரி போன வாரம் உன் பக்கம் இறங்கியது. இனி வெயில் காலம் வரும்வரை இங்கிருந்து அங்கே வரவேண்டுமென்றால் காலால்தான் வரவேண்டும். அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் இந்த வருடமும் இவர்தான். வேண்டாம் என்று கதிர் அறுத்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நேராகப் போய்த் தபால் பைக்கு ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். கேட்டதற்கு, "பள்ளத்தாக்கு மொத்தமும் என் வழியைப் பாத்துக்கிட்டு இருக்கும். மருந்து வரணும், கடுதாசி வரணும். வேற யாரு போவா?" என்றார்.

"ஊரு பாக்குறது சரி. வீடு யாரைப் பாக்கும்?" என்று கேட்டேன். அதிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பையைக் கொண்டுவந்து வைத்தபோதும் பேசவில்லை. நூரி மட்டும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள்.

துணைக்கு வருபவன் மிர்ஸா. எங்கள் தெருவிலேயே கீழ்ப்பக்கம் வீடு. கல்யாணமாகி அதிக நாளாகவில்லை, வாய் ஓயாதவன். அவன் மனைவி ரஹிமாவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவனுக்கும் சேர்த்துச் சமைத்துவிடு. எங்கள் ஊர் வாற்கோதுமை மாவைத் தின்று அலுத்தவன், உங்கள் ஊர் சோற்றைக் கண்டால் விடமாட்டான்.

அப்பா உன்னைக் காஷ்மீரிக்குக் கட்டிக்கொடுத்தபோது ஒரு வாரம் அழுதேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்பதுதான் இப்போது எனக்கு இருக்கும் ஒரே தெம்பு. அவர் எப்படி வந்து சேர்ந்தார், கை கால் எப்படி இருக்கிறது, இருமுகிறாரா, எல்லாம் எழுது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பயப்படாமல் உள்ளதை எழுது.

ஹாஜிரா


குண்ட்
1976 டிசம்பர் 7

அக்கா,

நீ சொன்னபடியே முதலில் தேநீர் கொடுத்தேன், பிறகுதான் படித்தேன். இரண்டு பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். மச்சானின் மீசையில் தொங்கிய பனிக்கட்டி அடுப்புக்குப் பக்கத்தில் உருகி என் புதுப் பாயை நனைத்துவிட்டது. அதற்காக அவரிடம் சண்டை போட்டேன். தன்னோடு சண்டை போட்டாவது ஒருத்தி பேசுகிறாளே என்று அவருக்குச் சந்தோஷம்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். "உங்க அக்கா வாயைத் திறக்கலைன்னா குளிர் ஜாஸ்தியா தெரியுது" என்றார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். நான் எழுதமாட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மிர்ஸா சரியான ஆள். என் வீட்டுக்காரர் சுபான் எப்போதும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார். மிர்ஸா வந்ததிலிருந்து அவரே உட்கார்ந்து சிரிக்கிறார். சோற்றை அவன் சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும். பானையின் அடியில் பிடித்ததையும் சுரண்டித் தரச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டான்.

மச்சானுக்கு இருமல் இல்லை. கை நன்றாக இருக்கிறது. கால் சுற்றும் கம்பளித் துணிகளை அடுப்புமேல் போட்டு உலர்த்திவிட்டேன். நாளை கிளம்புகிறார்கள். நீயும் அவரிடம் பேசிவிடேன் அக்கா. நான் சின்னவள், சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன்.

உன் மெஹ்ரூன்


திராஸ்
1976 டிசம்பர் 30

மெஹ்ரூன்,

பேசிவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. அவர் வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

இங்கே வீட்டுச் சுவரின் உள்பக்கம் பனி பூத்துவிட்டது. வாசலைப் பனி மூடிவிட்டதால் தட்டைக் கூரைவழியாகத்தான் ஏறி இறங்குகிறோம். கீழே தொழுவத்தில் ஆடுகளின் மூச்சுச் சூடு மேலே வரட்டும் என்று பலகையில் ஒரு துவாரம் வைத்திருக்கிறோம். அதன் பக்கத்தில்தான் நூரியைப் படுக்கவைக்கிறேன். உறைந்த ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போட்டிருக்கும் ஓட்டை காலையில் மூடிக்கொள்கிறது, கோடரி கொண்டு திறக்கவேண்டியிருக்கிறது. இதெல்லாம் ஒவ்வொரு வருடமும் இருப்பதுதான். இதற்காக நான் எழுதவில்லை.

உன் மச்சான் இடது காலை ஊன்றி நடக்கவில்லை. கேட்டால் மட்டாயன் கிராமத்துக்குப் பக்கத்தில் சறுக்கிவிட்டது, சுளுக்கு என்கிறார். நிஜமாகவே சுளுக்கு என்றால் காலை நீவிவிடச் சொல்வார். இவர் என்னைத் தொடவிடவில்லை. படுக்கும்போதும் சுற்றிய துணியை அவிழ்ப்பதில்லை. "குளிருது, விடு" என்கிறார். இத்தனை வருடத்தில் இவர் வாயிலிருந்து குளிருது என்று நான் கேட்டதில்லை.

மறுபடியும் கிளம்புகிறார். நான் மறித்தேன். "மிர்ஸா தனியா போவானா?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்வது? ரஹிமா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவர் உன் வீட்டுக்கு வந்ததும் சுபானை விட்டு அந்தக் காலைப் பார்க்கச் சொல். ஆண் பிள்ளை கேட்டால் காட்டுவார். பார்த்ததை அப்படியே எழுது.

ஹாஜிரா


குண்ட்
1977 ஜனவரி 9

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சுபானுக்குத்தான் கொஞ்சம் பல்வலி. ஆட்டுக்குத் தீவனம் குறைகிறது என்று அவருக்குக் கவலை. பக்கத்து வீட்டில் கல்யாணம், பனி பாரத்தில் பந்தல் சரிந்து ஒரே அமளி. நேரில் வந்தால் எல்லாம் சொல்லிச் சிரிப்பேன்.

மச்சானின் காலைச் சுபான் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் வீக்கம்தான். சூடான எண்ணெய் போட்டோம். ஒன்றும் பயப்படவேண்டியதில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சுபானும் சொன்னார். வேறு ஒன்றுமில்லை.

மிர்ஸா ரஹிமாவுக்குச் சலாம் சொல்லச் சொன்னான். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா என்று கேட்டான். என்னிடம் கேட்டு என்ன பயன், ஆனாலும் கேட்டான்.

வானம் நன்றாக இருக்கிறது என்று அவசரமாகக் கிளம்புகிறார்கள். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

மெஹ்ரூன்


திராஸ்
1977 ஜனவரி 29

மெஹ்ரூன்,

சிறு வயதில் பாலைச் சிந்திவிட்டு நீ பூனையைப் பற்றிப் பேசத் தொடங்குவாய். உன் கடிதமும் அப்படித்தான் இருந்தது. பல்வலியாம், பந்தலாம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எத்தனை தடவைதான் எழுதுவாய்?

எனக்கு முதலில் நாற்றம் வந்தது. ஆட்டுக்குட்டி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று தொழுவத்தில் போய்த் தேடினேன். பிறகு ஒரு விடியலில் அவர் தூக்கத்தில் இருக்கும்போது துணியைப் பிரித்தேன். கால்விரல்கள் பனி கடித்துக் கறுத்துப்போயிருக்கின்றன. சுண்டுவிரல் கரிக்கட்டை மாதிரி. விழித்துப் பார்த்தார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். "உன் தங்கச்சி சொல்லிட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஆக, உனக்குத் தெரியும். சொல்லாதே என்று அவர் கேட்டிருப்பார். அவர் கேட்டால் உனக்கு அது பெரிது. நான் யார்?

கத்தினேன். அவரும் கத்தினார். நான் ஆற்றுக்குப் போன நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிர்ஸா இனிமேல்தான் பின்னால் ஓடப்போகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் சொல்வதைக் கேள். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே. நம் யூசுப் அண்ணனைக் கையில் புண் என்று கீழே கொண்டுபோனார்கள். கையை எடுத்தார்கள். பிறகு அண்ணனையே துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அவரை நாலு நாள் படுக்கவைத்து, நடக்க முடிந்ததும் மிர்ஸாவோடு என்னிடம் அனுப்பிவிடு. இங்கே வைத்தியம் பார்க்க ஆள் இருக்கிறது. விரல் விழுந்தாலும் என் வீட்டில் விழட்டும்.

இதையாவது நான் சொன்னபடி செய்.

ஹாஜிரா


திராஸ்
1977 பிப்ரவரி 19

மெஹ்ரூன்,

இதை யார் கொண்டுவருவார்கள் என்று தெரியவில்லை. சும்மா உட்கார முடியாமல் எழுதுகிறேன்.

தபால் வரவில்லை. வரவேண்டிய நாள் கடந்து வெகு நாளாகிவிட்டது. காற்று ஓய்ந்ததும் மட்டாயனிலிருந்து ஆட்கள் மேலே போய்ப் பார்த்தார்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம், ஓடை வளைகிற இடத்தில், மலைப் பனி முழுவதும் சரிந்து கிடக்கிறதாம். காற்றில் மங்கி, எத்தனை பேருடையது என்று தெரியாத அடிச்சுவடு அந்தச் சரிவுக்குள் போகிறது, வெளியே வரவில்லை. கையுறை ஒன்று கிடைத்தது. அதை ரஹிமாவிடம் காட்டினார்கள். தன் கையால் பின்னியது என்றாள்.

இரண்டு பேருமே போய்விட்டார்கள் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு பேரும் எப்போதும் ஒன்றாகத்தானே நடந்தார்கள். நான் மட்டும், உன் மச்சான் உன் வீட்டில் படுத்திருப்பார், நான்தானே படுக்கவைக்கச் சொன்னேன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மறுத்துப் பேசினால் சண்டையாவது போடலாம்.

ரஹிமா குழந்தையோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். பெண்கள் வருகிறார்கள், அழுகிறார்கள், மாவும் வெண்ணெயும் வைத்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை உடல் இல்லாமலே, இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை நடத்துவார்களாம். நூரி, "அப்பாவுக்குமா?" என்று கேட்டாள். நான் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

நீ அவரை என்னிடம் அனுப்பியிருந்தால், நான் சொன்னபடிதான் செய்திருக்கிறாய். நான் சொன்னபடி செய்ததற்காகத்தான் உன்னைச் சபித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் என் சொல்லை மீறுகிறவள், இந்த ஒரு தடவையும் மீறியிருக்கக் கூடாதா?

அவர் அங்கே இருக்கிறார் என்று எழுது. பொய்யாக இருந்தாலும்...

இல்லை. பொய் வேண்டாம்.


குண்ட்
1977 பிப்ரவரி 23

அக்கா,

மச்சான் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார் அக்கா. வயர்லெஸ்ஸில் செய்தி கொடுத்தோம், வந்து சேர்ந்ததா தெரியவில்லை. நோயாளிகளை ஏற்றிவர ஹெலிகாப்டர் உங்கள் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டுச் சுபான் இந்தக் கடிதத்தோடு ஓடப்போகிறார்.

நீ சொன்னதை நான் செய்யவில்லை. அவர் என் வாசலில் வந்து விழுந்தபோது உடம்பு கொதித்தது. முழங்காலுக்குக் கீழே சிவப்புக் கோடு ஏறியிருந்தது. உன் கடிதத்தைப் படித்தேன். மடித்து வைத்துவிட்டு, அவருடைய காலணிகளை எடுத்துக்கொண்டுபோய் வைக்கோலுக்குள் ஒளித்தேன். காய்ச்சலோடு எழுந்து வீடு முழுக்கத் தேடினார். என்னை என்னென்ன சொன்னார் என்று எழுதமாட்டேன். சுபானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைக் கட்டிலோடு தூக்கிச் சறுக்குவண்டியில் ஏற்றினார்கள். கங்கனிலிருந்து லாரி. ஸ்ரீநகரில் விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது கஞ்சி குடிக்கிறார், நர்ஸைத் திட்டுகிறார்.

வண்டியில் ஏற்றியதுவரை எல்லாம் அன்றே எழுதி மிர்ஸாவிடம் கொடுத்தேன். அவன் தனியாகத்தான் போனான். அக்கா, மலை சரிந்ததும் அவன் வந்து சேரவில்லை என்பதும் இங்கே எங்களுக்கு முந்தாநாள்தான் தெரிந்தது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

ரஹிமாவிடம் என்ன சொல்லுவாய்?

மெஹ்ரூன்


திராஸ்
1977 மார்ச் 15

மெஹ்ரூன்,

வயர்லெஸ் செய்தி வந்தது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

போலீஸ்காரர் கூரைவழியாக இறங்கிவந்தார். வீடு நிறையப் பெண்கள். நானும் ரஹிமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கையில் துண்டுக் காகிதம். அவர் யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் படித்தார். உன் மச்சான் பெயரைச் சொல்லி, ஜப்பார் ஆஸ்பத்திரியில் நலம். அவ்வளவுதான். ரஹிமா, "அப்புறம்?" என்று கேட்டாள். அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதோ இருப்பது போல. "அவ்வளவுதாம்மா இருக்கு" என்றார்.

என் தோளில் அவள் தலை சாய்ந்திருந்தது. அதை அவள் மெதுவாக எடுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வந்தது மெஹ்ரூன். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுதேன். என் அழுகை வேறு, மற்றவர்கள் அழுகை வேறு என்று எல்லோருக்கும் தெரிந்தது. சாயங்காலம் ரஹிமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை. "நூரி தூங்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஆற்றில் தண்ணீருக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். நான் வருவதற்கு முன்பே வந்துவிட்டுப் போய்விடுகிறாள். ஓட்டை திறந்தே இருக்கிறது. அவள் உடைத்துவைத்த பனியில்தான் நான் தினமும் தண்ணீர் மொள்கிறேன்.

நீ என் சொல்லை மீறினாய். அதற்கு என்ன எழுதுவது என்று பல நாள் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடு.

முன்பு எழுதி அனுப்ப முடியாமல் இருந்த கடிதத்தையும் இதோடு வைத்து ஹெலிகாப்டரில் அனுப்புகிறேன். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். அன்று நான் இருந்த நிலை உனக்குத் தெரியட்டும்.

ஹாஜிரா


குண்ட்
1977 ஏப்ரல் 20

அக்கா,

மச்சான் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். புண் ஆறிவிட்டது. கோலூன்றித் தெருமுனை ரொட்டிக் கடைவரை நடக்கிறார்.

மிர்ஸாவைப் பற்றி அவருக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார். வந்து உட்கார்ந்தார். சாப்பாடு வைத்தேன், தொடவில்லை. மூன்றாம் நாள் நான் தட்டை எடுக்கும்போது என்னிடம், "நீ ஒருத்தனைப் பிடிச்சு வச்ச. அதனாலதான் இன்னொருத்தன் தனியா போனான். இதை நீ காப்பாத்துனதுன்னு கணக்குல வச்சுக்காதே" என்றார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

சுபான் வாழ்க்கையில் முதல்தடவையாக அவரிடம் கோபப்பட்டார். "ரெண்டு பேரும் போயிருந்தா ரெண்டு பேரும் பனிக்குள்ள கிடப்பீங்க. அது உங்களுக்கு நல்லா இருந்திருக்குமா?" என்றார். மச்சான், "ரெண்டு பேரா இருந்தா ஒருத்தன் முன்னால போயி பனியைக் குத்திப் பாப்பான். தனியா இருக்கறவன் என்ன பண்ணுவான்?" என்றார்.

அக்கா, நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா? உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். சாப்பாடு கொடு என்றுதான் இருக்கிறது. கொடுக்கிறேன். ஆனால் நான் செய்தது சரியா, தப்பா என்று நீயாவது ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? இரவில் கூரையிலிருந்து பனி சரிந்து விழுகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்காருகிறேன்.

பாதை திறந்ததும் முதல் லாரியில் அவரை ஏற்றிவிடுகிறேன்.

மெஹ்ரூன்


திராஸ்
1977 ஜூன் 12

மெஹ்ரூன்,

வந்து சேர்ந்தார். லாரியிலிருந்து இறங்கும்போது பாதி ஊர் நின்றது. யாரும் கட்டிப்பிடிக்கவில்லை, யாரும் ஒதுங்கவும் இல்லை. நூரி ஓடிவந்து முதலில் காலைத்தான் பார்த்தாள். காலணி போட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துபோனாள்.

போன வாரம் பனி உருகி மிர்ஸாவை எடுத்தார்கள். பை முதுகிலேயே இருந்தது. கடிதங்களைத் தபால்காரர் கூரையில் பரப்பிக் கல் வைத்து உலர்த்தினார். உனது கடிதமும் வந்தது. மை கரைந்து காகிதம் முழுக்க நீலமாக இருக்கிறது, ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ரஹிமா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், கோல் எட்டவில்லை. "உட்காருங்கண்ணே" என்றாள். அவர், "என்னைத் திட்டிடு தாயி" என்றார். அவள், "திட்ட வரலை. உங்க ரெண்டு பேருக்கும் அங்க என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன். கடைசியா என்ன சாப்பிட்டாரு? என்ன பேசினாரு?" என்று கேட்டாள்.

அவருக்கு ஒன்றும் நினைவில்லை மெஹ்ரூன். காய்ச்சல். வண்டியில் ஏற்றும்போது மிர்ஸா தன் கையைப் பிடித்தது மட்டும்தான் தெரியும் என்றார். அதற்கு முன்னும் பின்னும் இல்லை. ரஹிமா என்னைப் பார்த்தாள். "உங்க தங்கச்சிக்குத் தெரியும்ல?" என்றாள்.

அதனால் கேட்கிறேன். அந்தக் காலையை எழுது. அவளுக்கு நான்தான் படித்துக்காட்டுவேன். பல்வலி, பந்தல் எதுவும் வேண்டாம். அவளுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்காதே, எதையும் எடுக்காதே.

நீ கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். அவர் இப்போது கூரையில் உட்கார்ந்து நூரிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கிறார். வாரத் தெரியவில்லை, அவள் கத்துகிறாள். நீ செய்தது எனக்குச் சரி. ரஹிமாவுக்கு எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. அதை நாம் இரண்டு பேரும் வைத்துக்கொண்டு வாழவேண்டியதுதான். நீ தனியாக வைத்துக்கொள்ளவேண்டாம்.

ஹாஜிரா


குண்ட்
1977 ஜூலை 3

அக்கா,

இதை ரஹிமாவிடம் அப்படியே படி.

மச்சானைக் கொண்டுவந்து சேர்த்ததே மிர்ஸாதான். சோனாமர்க்கிலிருந்து பாதி வழி முதுகில் தூக்கிவந்தான். மறுநாள் காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பனி இறுகிக் கிடந்தது. அது நடப்பதற்கு நல்ல நாள் என்று மிர்ஸாவே சொன்னான். அந்த நாள்தான் எங்கள் சண்டையில் போயிற்று. மச்சான் போவேன் என்கிறார், நான் விடமாட்டேன் என்கிறேன், காலணியைத் தேடுகிறார்கள், வண்டிக்கு ஆள் தேடுகிறார்கள். மிர்ஸா பையை மாட்டுவான், கழற்றிவைப்பான். மத்தியானத்துக்கு மேல் மச்சானை வண்டியில் ஏற்றினோம். மிர்ஸா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடினான். அன்று இரவு புதுப் பனி விழுந்தது, இறுகிய பனிமேல் விழுகிற புதுப் பனிதான் சரியும். இதை ரஹிமாவுக்குச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவன் ஒரு நாள் முன்பே போயிருந்தால் பனி கனப்பதற்குள் கணவாயைத் தாண்டியிருப்பான். அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் போயிற்று.

அவன் புறப்பட்ட மறுநாள் காலையில் சோறும் உலர்ந்த டர்னிப் குழம்பும் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான். அடியில் பிடித்ததைக் கேட்டான். அதை ஒரு துணியில் கட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். "அவளுக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா, தீஞ்சு போனதைக் கொடுக்கறியான்னு திட்டுவா. தின்னு பார்த்தா சும்மா இருப்பா" என்றான்.

இரு, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போ என்று சுபான் சொன்னார். நான் சொல்லவில்லை. உன்னிடம் என் கடிதம் போய்ச் சேரவேண்டும் என்று எனக்கு அவசரம். மிர்ஸா, "பையில இன்சுலின் ஊசி மருந்து இருக்கு. தாஸ்கம்ல ஒரு ஆளு அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். வீட்டுக்குப் போனா அவ திட்டுவா, இங்க இருந்தா நீங்க சண்டை போடுவீங்க. திட்டு வாங்கவே போறேன்" என்று சிரித்தான்.

ஆனால் அவனுக்குப் பயம் இருந்தது. சந்து முனைவரை போய்த் திரும்பிவந்து சுபானை வெளியே கூப்பிட்டான். "வானத்தைப் பாருங்கண்ணே, எப்படி இருக்கு?" என்றான். "நான் கீழ இருக்கறவன், உன் மலையைப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றார் சுபான். மிர்ஸா தலையாட்டிவிட்டுப் போனான். மறுபடியும் வந்தான். இருந்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். கோலை மறந்துவிட்டானாம். கதவுக்குப் பின்னால் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரஹிமா என்ன சொன்னாள் என்று எழுது. ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுது.

மெஹ்ரூன்


திராஸ்
1977 ஆகஸ்ட் 2

மெஹ்ரூன்,

படித்துக்காட்டினேன். உன் மச்சானும் இருந்தார். ஒரு நாள் போயிற்று என்கிற இடத்தில் நிறுத்தினேன். ரஹிமா, "படிங்க" என்றாள். குழந்தை அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. முடித்ததும் சோற்றைப் பற்றி எழுதியதை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தேன். "திட்டியிருப்பேன்தான்" என்றாள்.

அந்த ஒரு நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ எழுதச் சொன்னாய், அதனால் எழுதுகிறேன். உன்னை மன்னித்தாளா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தோன்றியது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உன் மச்சானிடம், "மேட்டுல புல்லு முத்திப் போச்சு. அறுக்க எனக்கு ஆள் இல்லை. வருவீங்களாண்ணே?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே நூரி அரிவாளை எடுக்க ஓடிவிட்டாள்.

இன்று காலையில் மூவரும் போனார்கள். குழந்தை என்னிடம் இருக்கிறது. கூரையிலிருந்து பார்த்தேன். மேட்டில் அவரால் வேகமாக ஏற முடியவில்லை. ரஹிமா முன்னால் போகிறாள். கொஞ்ச தூரம் போய் நிற்கிறாள். அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி நடக்கிறாள்.

ஹாஜிரா